மூணாற்றில் இருந்த எங்கள் செல்லோ

முட்டாள்தனத்தில் பல ரகம் உண்டு. அங்குசம் கையில் இருக்கிறது, ஆகவே யானையும் என்னுடையதுதான் என்று கேட்டு மலையேறிப் போகிற ரகம் நான். யானை என்று இங்கே சொல்வது ஒரு செல்லோவை. அங்குசம் என்பது அதை வாசிக்கிற வில். இரண்டில் ஒன்று பாலக்காட்டில் எங்கள் வீட்டில் இருந்தது. எது என்று சொல்லத் தேவையில்லை. யானை இருந்திருந்தால் நான் ஏன் மலையேறுகிறேன்?

செல்லோ தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. போன வருஷம்வரை எனக்கும் தெரியாதுதான். ஆனால் தெரிந்தவன்போலப் பேசுவதில் எங்கள் தெருவில் எனக்கு ஒரு பெயர் உண்டு, அதைக் கெடுத்துக்கொள்ள விருப்பமில்லை. வயலினுக்கு ஒரு பெரியப்பா இருந்தால் எப்படி இருப்பாரோ, செல்லோ அப்படி இருக்கும். அதே கழுத்து, அதே இடுப்பு, குரல் மட்டும் கட்டை. தோளில் தூக்கி வைக்க முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, கிட்டத்தட்டக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாசிக்க வேண்டும்.

அப்பா காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு: "மூணாத்துல நம்ம செல்லோ ஒண்ணு இருக்கு." தாத்தா மூணாற்றில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்தவர். வெள்ளைக்காரத் துரை ஊரைவிட்டுப் போனபோது அவருடைய மனைவி, அதாவது துரைசாணி, தான் வாசித்த செல்லோவைத் தாத்தாவுக்குக் கொடுத்தாளாம். அவ்வளவு பெரியதைப் பஸ்ஸில் ஏற்ற முடியாததால், தோட்டத்து டிரைவர் ஒருவர் வீட்டில் பத்திரமாக வைக்கச் சொல்லிவிட்டு, தாத்தா அடையாளத்துக்கு வில்லை மட்டும் கொண்டுவந்தாராம். பக்கத்து வீட்டுக்காரர்கள் அமெரிக்காவில் இருக்கிற பிள்ளையைப் பற்றிப் பேசுவார்கள். நாங்கள் மூணாற்றில் இருக்கிற செல்லோவைப் பற்றிப் பேசுவோம். அவர்களுடைய பிள்ளையாவது வருஷத்துக்கு ஒரு முறை வந்து போனான்.

அந்த வில் எங்கள் வீட்டில் என்ன பாடுபட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் தெருவில் மடித்துணி என்று ஒன்று உண்டு. பூஜைக்கும் சமையலுக்கும் உடுத்துகிற, குளித்த பிறகு மட்டும் தொடுகிற துணி. மற்றவர் கை படாமல் இருக்க, உத்தரத்தில் தொங்குகிற மூங்கில் கொடியில் அதை ஒரு கோலால் உயர்த்திப் போட்டு உலர்த்துவார்கள், கோலாலேயே எடுப்பார்கள். அந்தக் கோலுக்கு மடிக்கோல் என்று பெயர். ஐரோப்பாவில் எங்கேயோ ஒரு கைதேர்ந்த ஆசாரி, எந்த தேசத்து மரத்திலேயோ, மில்லிமீட்டர் பார்த்துச் சீவி வளைத்த வில் எங்கள் வீட்டில் மடிக்கோலாக இருந்தது. நீளம் போதவில்லை என்று அதன் ஒரு முனையில் மூங்கில் கழி ஒன்றை நைலான் கயிற்றால் கட்டியிருந்தார்கள். வில்லின் நுனி கொக்கிபோல மேலே எழுந்திருப்பதால் வேஷ்டியின் விளிம்பைப் பிடித்து இழுக்க அதைவிட வசதியான கருவி கிடையாது. இதை என் மனைவி இன்றைக்கும் சொல்வாள். கண்ணில் நீர் வர வைக்கிற விஷயங்களில் அவளுக்கு அதுவும் ஒன்று.

போன வருஷம் என் தொலைபேசிக்கு ஒரு புகைப்படம் வந்தது. மூணாற்றில் ஒரு ரிசார்ட்டின் புல்வெளியில், மலையைப் பின்னால் வைத்துக்கொண்டு, நூல்புடவை கட்டிய ஒரு பெண் செல்லோ வாசிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராம். 'பழைய துரை பங்களாவின் அபூர்வமான செல்லோ, நூற்றாண்டு தாண்டியது' என்று கீழே எழுதியிருந்தது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "நம்ம செல்லோ!" என்று கத்தினேன். சமையலறையிலிருந்து மனைவி, "என்னது, பாலா? பொங்கிடுத்தா?" என்றாள்.

அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுவதும் சொல்லிவிட்டேன். கோவில் குளத்தங்கரையில் நடக்கப் போகிறவர்களிடம், பால் கொண்டுவருகிறவரிடம், எனக்குப் பேச்சுவார்த்தை இல்லாத ஒன்றுவிட்ட மச்சினனிடம்கூட. கூடத்தில் இருந்த சோபாவை நகர்த்தி மூலையில் இடம் ஒழித்தேன். அந்த மூலையைப் பார்த்துக்கொண்டே இரண்டு நாள் காப்பி குடித்தேன். பிறகு டீச்சருக்குச் செய்தி அனுப்பினேன்: ஒரு முக்கியமான குடும்ப விஷயமாக நேரில் வந்து பேச வேண்டும், எங்களிடம் தக்க ஆதாரம் இருக்கிறது. 'சனிக்கிழமை வாங்க சார்' என்று பதில் வந்தது.

"ஆதாரமா? என்ன ஆதாரம்?" என்றாள் மனைவி.

"மடிக்கோல்."

அவள் அடுப்பைத் தணித்தாள். "எடுத்துண்டு போங்கோ. ஆனா கோல் திரும்பி வரணும். நீங்க வராட்டாலும் பரவாயில்லையாக்கும்."

கயிற்றை அவிழ்த்து வில்லை மட்டும் எடுத்துப் போயிருக்கலாம். ஆனால் பல காலத்துச் சோப்புத் தண்ணீர் குடித்து அந்த முடிச்சு கல்லாகியிருந்தது. வில் உடைந்துவிட்டால் ஆதாரம் போய்விடுமே என்று பயம். ஆகவே மூங்கிலோடு எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, அங்கிருந்து காட்டு வழியாக மூணாறு. ஆள் உயரத்துக்கு மேலே ஒரு கழியோடு மூன்று பஸ் மாறியவனுக்குத்தான் இந்த நாட்டில் எத்தனை பேருக்குக் கண் இருக்கிறது, எத்தனை கண்ணுக்கு நேராகக் கழி நீளும் என்பது தெரியும். உடுமலையில் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் கழியைக் கீழிருந்து மேலாகப் பார்த்துவிட்டு, கனிவாகக் கேட்டார்.

"ஏனுங்க, பாம்பு புடிக்கற ஆளுங்களா?"

"இல்லைங்க. செல்லோ பிடிக்கப் போறேன்."

"அது கடிக்குங்களா?"

"போய்ப் பார்த்தாத்தான் தெரியும்" என்றேன்.

சின்னாறு செக்போஸ்டில் பஸ்ஸை நிறுத்தினார்கள். மறையூர்ச் சந்தனக் காடு அந்தப் பக்கம் என்பதால் மரம் என்று எதைக் கண்டாலும் அங்கே மோந்து பார்ப்பார்கள். காவலர் என் கழியை வாங்கி, நுனியில் கட்டியிருந்த வில்லை மூக்கருகே கொண்டுபோனார்.

"எந்தா சாரே இது? எந்த மரம்?"

"வெளிநாட்டு மரம். வயலின் வில்லு மாதிரி."

அவர் மறுபடி மோந்தார். முகம் சுளித்தார். "சோப்பு மணக்குது. கொஞ்சம் ரசமும்." பிறகு தன்னுடன் இருந்தவரைக் கூப்பிட்டு, "டேய், இங்கிருந்து மரம் கடத்திட்டுப் போறவனத்தான் பாத்திருக்கோம். இது ஆளு வெளியில இருந்து உள்ள கடத்துது" என்றார். பஸ்ஸே சிரித்தது. உடுமலைப் பெரியவர் எனக்காக வாதாடினார்: "உடுங்க சார், அவரு பாம்பு புடிக்கறவருங்க."

டீச்சரின் வீடு மூணாறு டவுனுக்கு மேலே, தேயிலைச் சரிவை ஒட்டிய ஒரு சின்ன காலனியில் இருந்தது. வாசலில் அவளுடைய அம்மா நின்றிருந்தார். தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தலையில் மப்ளர், காலில் சாக்ஸ், கண்ணில் நல்ல கிண்டல்.

"வாங்க வாங்க. மூங்கிலோட வந்திருக்கீகளே, கூரை மேயவா?"

கூடத்தில் நுழைந்ததும் அதைப் பார்த்தேன். மூலையில், சுவரில் சாய்ந்து, கழுத்துவரை கம்பளி போர்த்திக்கொண்டு, யாரோ ஒரு மாமா குளிருக்கு ஒடுங்கி நிற்பதுபோல் நின்றது. டீச்சர் வந்து கம்பளியை எடுத்தாள். உண்மையைச் சொல்கிறேன், நான் தயாரித்துக்கொண்டு வந்திருந்த பேச்சு முழுவதும் மறந்துவிட்டது. பழைய தேன் நிறம். கைபட்டுப் பட்டு விளிம்புகளில் மரம் வெளுத்திருந்தது. முதுகில் ஒரு நீண்ட கீறல், ஒட்டிய தடம்.

"கொச்சியில ஒருத்தர் ரிப்பேர் பண்ணாரு சார்" என்றாள் டீச்சர். "நூத்தம்பது வருஷத்துக்கு மேல இருக்கும்னாரு. இதச் செஞ்ச வெளிநாட்டுப் பட்டறையில இந்த மாதிரி ரொம்பக் கொஞ்சம்தான் செஞ்சிருக்காங்களாம். எங்க தாத்தா வீட்ல, தோட்டத் தொழிலாளிங்க லயத்துல, அடுப்பு மேடைக்குப் பக்கத்துல நின்னுச்சு. அந்தப் புகையிலதான் பூச்சி அரிக்காம தப்பிச்சுச்சுன்னாரு."

"நான் சின்னப்புள்ளையா இருந்தப்ப விருந்தாடி வந்தா இதுக்குத்தான் மொதல்ல வணக்கம் சொல்லுவாக" என்றார் அம்மா. "கம்பளியப் போத்திக்கிட்டு, திரும்பி நிக்கற ஆளுன்னு."

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். தாத்தாவின் கதையைச் சொன்னேன்: துரைசாணி கொடுத்தது, பஸ்ஸில் ஏறாதது, டிரைவரிடம் ஒப்படைத்தது. டிரைவர் என்றால் அந்த அம்மாவின் அப்பா, டீச்சரின் தாத்தா. கடைசியாக நாடகத்தில் திரை விலக்குவதுபோல மூங்கிலின் நுனியைக் காட்டினேன்.

"இதுதான் அதோட வில்லு."

டீச்சர் கிட்டே வந்தாள். வில்லின் அடிக்கட்டையைத் திருப்பிப் பார்த்தாள்; கருங்காலி மரத்தில் பதித்த முத்துச்சிப்பிக் கண் ஒன்று எங்கள் வீட்டு எண்ணெய்ப் பிசுக்கையும் மீறி மினுங்கியது. பிறகு என் முகத்தைப் பார்த்தாள். செல்லோ என்னுடையது என்று நான் சொன்னது அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"இது எங்க சார் இருந்துச்சு இத்தனை நாளா?"

"பத்திரமா இருந்தது" என்றேன்.

"இந்த வில்லுல கட்டியிருந்த முடி எங்க?"

"உதிர்ந்திருக்கும்."

அம்மா அதற்குள் டீ கொண்டுவந்து வைத்தார். வைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்: "அந்தக் கத அப்படி இல்ல சார். நான் அங்கனதான் நின்னேன். தொரசாணி போறதுக்கு மொத நாளு புல்தரையில சாமானெல்லாம் பரப்பி வச்சாக. ஆபீஸ்ல பெரிய வேலைல இருக்கவுக மொதல்ல, அப்புறம் அடுத்தவுக, இப்படி வரிசையா வந்து ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கணும். உங்க தாத்தாதான் மொத ஆளு. செல்லோவையும் வில்லையும் சேத்து எடுத்துக்கோன்னுதான் தொரசாணி சொன்னாக. அவரு பெருசு வேணாம், வில்லு மட்டும் போதும்னுட்டாரு."

"அப்படி இருக்கவே முடியாது" என்றேன். என் குரலில் தாத்தாவின் மானம் முழுவதும் இருந்தது. "சங்கீதம் தெரிஞ்ச மனுஷர். யாராவது செல்லோவை விட்டுட்டு வில்லை எடுப்பாளா?"

"நான் பாத்தத சொல்லுதேன். எங்கய்யா கடைசி ஆளு. அவரு முறை வரையில மிச்சம் இருந்தது இது ஒண்ணுதான்."

அப்போது வாசலில் ஒரு ஜீப் நின்றது. டீச்சரின் முகம் சட்டென்று மாறியது. அம்மாவும் டீயை அப்படியே வைத்துவிட்டார்.

வந்தவர் ரிசார்ட்டின் மேனேஜர். நல்ல மனிதர், கோட்டயம் பக்கம்; பேசும்போது கையைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவர் வாயாலேயே எனக்கு விஷயம் புரிந்தது. அந்தத் துரை பங்களாதான் இப்போது ரிசார்ட். புகைப்படம் ஊரெல்லாம் சுற்றியதும் முதலாளிக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது: பங்களாவின் பழைய சாமான் பங்களாவுக்குத்தானே சொந்தம்? வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டி செய்து உள்ளே நிறுத்தினால் எடுப்பாக இருக்கும்.

"கண்ணாடிக்குள்ள வச்சா யாரு சார் வாசிப்பா?" என்றாள் டீச்சர்.

"சேச்சி, நான் என்ன செய்யட்டும்? முதலாளி கேக்கறது ஒண்ணுதான். உங்க தாத்தாவுக்குக் கொடுத்தாங்கன்னு யாராவது சொல்லணும். திங்கட்கிழமை வண்டி அனுப்பறேன்னு சொல்லியிருக்கார்."

"நான் சொல்லுதேன்ல" என்றார் அம்மா.

"நீங்க வீட்டு ஆளு சேச்சி. வேற ஆளு? அன்னைக்கு அங்க இருந்தவங்க?"

"எல்லாரும் போய்ச் சேந்துட்டாகளே!"

டீச்சர் செல்லோவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாசிப்பதற்காக அல்ல, பிள்ளையின் கையைக் கூட்டத்தில் பிடித்துக்கொள்வதுபோல. அவளுடைய மாணவர்களில் மூன்று பேர் அதில்தான் கற்றுக்கொள்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. வேறு செல்லோ அந்த மலையில் இல்லை.

அப்போது நான் நினைத்தது என்ன தெரியுமா? இது கஷ்டமான குடும்பம், இவர்களுக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்றா? இல்லை. ரிசார்ட்காரனும் கேட்கிறான், இவர்களும் கேட்கிறார்கள், இரண்டு பேருக்கும் சாட்சி இல்லை, எனக்கு மட்டும் இருக்கிறது என்று நினைத்தேன். அன்று அங்கே இருந்த இன்னொரு ஆள் உயிரோடு இருந்தாள்: என் அத்தை, அப்பாவின் தங்கை. தாத்தாவுடன் தோட்டத்துக் குவார்ட்டர்சில் வளர்ந்தவள். இப்போது எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கிறாள். தாத்தாவின் பெருமைக்கு அவளைவிடப் பெரிய காவல் கிடையாது.

"ஒரு நிமிஷம்" என்று எழுந்தேன். "நேர்ல பார்த்த சாட்சி எங்கிட்ட இருக்கு. எல்லாரும் கேக்கட்டும்." போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவில் வைத்தேன். அந்த நொடியை நினைத்தால் என் கையை நானே பிடித்து நிறுத்தலாம் போலிருக்கிறது.

"அத்தை, நான்தான். மூணாத்துல இருக்கேன்."

"எடா, அங்க எந்துக்குடா போனாய்? ஸ்வெட்டர் எடுத்துண்டியோ?"

"எடுத்துண்டேன். அத்தை, துரைசாணி போனப்போ தாத்தாவுக்கு என்ன கொடுத்தா? கொஞ்சம் உரக்கச் சொல்லு. இங்க எல்லாரும் கேட்டுண்டிருக்கா."

"என்னத்தைக் கொடுத்தா! அந்தப் பெரிய பிடிலைத்தான் எடுத்துக்கோன்னா." நான் வெற்றியுடன் நிமிர்ந்தேன். அத்தை நிறுத்தவில்லை. "அப்பாதானே அசத்து மாதிரி வேண்டாம்னார்! ஆத்துல அவரோட வயலின் வில்லு ஒடிஞ்சு கெடந்தது. இங்க நன்னா ஒரு வில்லைப் பார்த்ததும் கண்ணு அதுமேலேயே நின்னுடுத்து. 'பெரிசை யார் தூக்கறது, வில்லு போறும் மேடம்'னார். அவ எத்தனை தடவை சொன்னா, ரெண்டும் சேர்ந்துதான் உபயோகம்னு! கேட்டாத்தானே?"

அம்மாவின் டீத்தம்ளர் லேசாகக் குலுங்கியது. சிரிப்பை அடக்குகிறார் என்று புரிந்தது.

"அத்தை, ஸ்பீக்கர்ல இருக்கு" என்றேன்.

"இருக்கட்டுமே. ஆத்துக்கு வந்து வயலின்ல வச்சுப் பார்த்தார். ஒத்தே வரலை. கையில உலக்கை மாதிரி கனக்கறதுன்னார். திருப்பிக் கொடுக்கலாம்னா, துரைசாணி கார் ஏறிப் போயாச்சு. வெளியில சொல்ல வெட்கம். அதனாலே செல்லோவை மூணாத்துல வச்சிருக்கேன்னு ஒரு கதை கட்டினார். உங்கப்பன் அதை நம்பினான். நீயும் நம்பியிருக்கே."

"சரி, அந்தச் செல்லோ யாருக்குப் போச்சு?" இதைக் கேட்டது நான் இல்லை. மேனேஜர். கை பிசைவதை நிறுத்தியிருந்தார்.

"அது யாரு பேசறது? மழை கொட்டித்து அப்போ. எல்லாரும் அவாவா சாமானைத் தூக்கிண்டு ஓடினா. அந்தப் பிடில் மட்டும் நாற்காலியில நனைஞ்சுண்டு நின்னது. லாரி டிரைவர்தான் தன்னோட கம்பளியைக் கழட்டி அதுமேல போர்த்தித் தூக்கிண்டு வந்து வராந்தாவுல வச்சார். அவர் நனைஞ்சு நிக்கறார். துரைசாணி அழுதுட்டா. 'இது உன்னோடதுதான்'னு சொல்லி அவர் கையிலேயே கொடுத்தா. நான் பக்கத்துலயே நின்னேனே. அந்த டிரைவருக்கு ஒரு பொண்ணு உண்டு, எங்காத்து வேலியிலேர்ந்து மரத்தக்காளி பறிச்சுண்டு ஓடுவா, சரியான ராட்சசி..."

"ஏய், யாருடி ராட்சசி?" என்று அம்மா போன்மேல் பாய்ந்தார். "நீதான பறிச்சுக் கீழ போட்ட? நான் பொறுக்குனேன். அடி வாங்குனது மட்டும் நானு!"

"எடீ, நீயா!" என்று போன் கத்தியது. பிறகு அத்தை சிரிக்க ஆரம்பித்தாள். எழுபதை நெருங்குகிற ஒருத்தி அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அம்மா போனைக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். ஸ்பீக்கரை அணைக்கத் தெரியாததால், பங்களாத் தோட்டத்துக் கிணற்றடியில் யார் யார் என்னென்ன செய்தார்கள் என்பது காலனி முழுவதற்கும் கேட்டது. என் போன். என் சாட்சி. இரண்டையும் யாரும் எனக்குத் திருப்பித் தருவதாகத் தெரியவில்லை.

மேனேஜர் மூங்கிலை எடுத்துப் புரட்டினார்.

"அப்போ இந்த வில்லும் அன்னைக்குப் புல்தரையிலதான் இருந்துச்சு."

"ஆமாம்" என்றேன் பலவீனமாக.

"பங்களா சாமான் எல்லாம் பங்களாவுக்குன்னா, இதையும் எடுக்கணுமே. இத்தனை நாளா எங்க இருந்துச்சு இது?"

"பாலக்காட்டுல, எங்க ஆத்துல. மடி வேஷ்டி உலர்த்த."

அவர் என்னைப் பார்த்தார், கழியைப் பார்த்தார், கட்டுப்படுத்த முடியாமல் சிரித்தார். "உங்கம்மா போன தடவை எங்கிட்ட சொன்னதும் இதேதான். ரெண்டு ஊர்ல ரெண்டு வீட்டுல ஒரே கதை சொல்றாங்க. கம்பளி உட்பட. போதும் சேச்சி. முதலாளிகிட்ட நான் சொல்லிக்கறேன். சாட்சி, செல்லோவைக் கேக்க வந்த ஆளோட சொந்த அத்தைன்னா, அதுக்கு மேல என்ன வேணும்? செல்லோவை எடுக்கணும்னா பாலக்காட்டுக்கும் போய் இவங்க வீட்டு மடி வேஷ்டிக் கோலையும் பிடுங்கணும்னு சொல்றேன். வண்டி வராது." கும்பிட்டுவிட்டு ஜீப் ஏறினார். ஜீப் வளைவில் திரும்புகிறவரை அவர் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது.

கூடத்தில் நானும் டீச்சரும் செல்லோவும். மூவரில் என் நிலைமைதான் மோசம். சொந்தம் கேட்க வந்தவன், எதிராளிக்கு வழக்கு ஜெயித்துக் கொடுத்திருக்கிறேன். அதுவும் தாத்தாவின் மானத்தைக் கட்டணமாகக் கட்டி.

டீச்சர் ஒரு பிளேடு கொண்டுவந்து நைலான் முடிச்சை அறுக்கத் தொடங்கினாள். மெதுவாக, மரத்தில் பட்டுவிடாமல், நாக்கைக் கடித்துக்கொண்டு. மூங்கில் தனியாகக் கீழே விழுந்தது. அவள் வில்லை ஒற்றை விரலில் குறுக்கே வைத்தாள். எடை சமமான இடத்தில் அது அப்படியே நின்றது.

"நான் வாசிக்கறது ஆன்லைன்ல வாங்கின கண்ணாடி நார் வில்லு சார். கொச்சிக்காரர் அப்பவே சொன்னாரு, இதோட சொந்த வில்லு கெடைச்சா வேற குரல் வரும்னு. கெடைக்காதுன்னு நெனச்சேன்." பிறகு நிமிர்ந்து கேட்டாள்: "குடுப்பீங்களா?"

கோல் திரும்பி வர வேண்டும் என்ற மனைவியின் முகம் ஒரு கணம் கண்முன் வந்தது. தாத்தாவும் வந்தார். எடுத்த கையோடு அவர் திருப்பிக் கொடுத்திருந்தால் எனக்கு இந்தப் பஸ் பயணம் மிச்சமாகியிருக்கும்.

"எடுத்துக்கோம்மா" என்றேன். "ஆனா ஒண்ணு, உதிரலை அந்த முடி. குதிரை வால் முடி மடிக்கு ஆகாதுன்னு எங்க அத்தைதான் கத்தரியால நறுக்கினா. அதையும் அவளே இப்போ உங்கம்மாகிட்டச் சொல்லிண்டிருப்பா."

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது: "அடிப்பாவி, குதிர முடியவா வெட்டுன?"

திரும்பும்போது வெறும் மூங்கிலோடு பஸ் ஏறினேன். அதை அங்கேயே போட்டுவிட்டு வந்திருக்கலாம். மனைவிக்கு எதையாவது கொண்டுபோய்க் காட்ட வேண்டுமே! செக்போஸ்டில் அதே காவலர். கழியின் வெறும் நுனியைப் பார்த்து, "விட்டிட்டு வந்தீங்களா சாரே? அது காட்டுக்குள்ள போயிருச்சா?" என்றார். மனைவி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கடையிலிருந்து கொக்கி வைத்த அலுமினியக் கோல் ஒன்று வாங்கி வந்தேன். அவள் அதால் ஒரு வேஷ்டியை எடுத்துப் பார்த்துவிட்டு, "அது மாதிரி வராது" என்றாள். இன்னும் அதையேதான் சொல்கிறாள். எங்கள் வீட்டில் அந்த வில்லின் அருமை தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

சில மாதம் கழித்து டீச்சர் பாலக்காட்டில் ஒரு கோவில் மண்டபத்தில் வாசிக்க வந்தாள். வில்லுக்குக் கொச்சிக்காரர் புது முடி போட்டிருந்தார். பிசுக்கு போய் மரம் சிவப்பாக மின்னியது. அத்தையும் டீச்சரின் அம்மாவும் முதல் வரிசையில் ஒரே சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கச்சேரி தொடங்குமுன்னே அங்கே கச்சேரி தொடங்கிவிட்டது. நான் தெருவில் பாதிப் பேரைத் திரட்டிக்கொண்டு போயிருந்தேன். ஒன்றுவிட்ட மச்சினன் உட்பட. செல்லோ எங்கே, செல்லோ எங்கே என்று அவன் என்னைக் கேட்காத நாள் இல்லை. அந்த மூலையில் இப்போது என் சோபாவே திரும்பி வந்திருந்தது. இன்று ஒரு நாளாவது தலை நிமிர்ந்து உட்கார வேண்டும் எனக்கு.

மண்டபத்துக்குப் பின்னால், அவள் சுருதி சேர்த்துக்கொண்டிருந்த அறைக்குப் போனேன். அறை வாசலிலேயே நின்றுவிட்டேன். கட்டை விரலளவு நாதம் ஒன்று தரை வழியாக வந்து என் உள்ளங்காலில் ஏறியது. துணிக் கொடிக்குக் கீழே நின்று வளர்ந்தவன் நான். அந்தக் கோலுக்குள் இப்படி ஒரு குரல் இருந்தது எனக்குத் தெரியாது. ஒரு நிமிஷம், மெய்யாகவே, எதுவும் சொல்லாமல் திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் என் வாய் என்னைக் கேட்டு எதையும் செய்வதில்லை.

"செல்லோ உங்களோடது. அதுல எனக்கு இனிமே பேச்சே இல்லை" என்று ஆரம்பித்தேன். "வில்லும் உங்களோடதுதான், கொடுத்தாச்சு. ஆனாலும் ஒரு சின்ன வேண்டுகோள். வாசிக்கறதுக்கு முன்னாடி மைக்ல ஒரு வார்த்தை, இந்த வில்லை இத்தனை காலம் பாதுகாத்துக் கொடுத்தது இந்த ஊர்க் குடும்பம் ஒண்ணுதான்னு சொன்னா, எங்க தெருக்காராளுக்கு ஒரு சந்தோஷம்..."

அவள் வில்லின் திருகை இன்னும் ஒரு சுற்று முறுக்கினாள். தலை நிமிரவில்லை.

"துணி காயப்போட்ட கதையவும் சேத்துச் சொல்லிரட்டா, சார்?"